பாராட்டுக்கு விழுந்த அடி

தாரணி வீசிய நாற்காலி ஃபஸீலாவின் தோள்பட்டையில் வந்து விழுந்தது. சிங்கப்பூரில் மார்சிலிங் பக்கத்து உயர்நிலைப்பள்ளி ஒன்றில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஃபஸீலா எத்தனையோ முரடுகளைச் சமாளித்தவள். வலி பெரிதில்லை. நேற்றுவரை தன்னிடம் ஒட்டிக்கொண்டிருந்த பெண் ஏன் இப்படி வெறிகொண்டு நிற்கிறாள் என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை.

“உங்கள நம்பினேன்ல!” என்று கத்தியபடி தாரணி மேசையை எட்டி உதைத்தாள்.

தாரணி லேசுப்பட்டவள் இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் பக்கத்து மாணவியின் கையை ரத்தம் வரக் கடித்தவள். தமிழ்ப் புத்தகத்தை நீட்டினால் கிழித்துப் போடுவாள். வாசிக்கத் தெரியாத வெட்கம்தான் அது என்று கண்டுகொண்ட ஃபஸீலா, பாடத்தை ஓரங்கட்டிவிட்டு இடைவேளைதோறும் அவளோடு மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டாள். ஊர்வம்பு பேசினாள். பிறகு மெல்ல ஒரு வரி, ஒரு பத்தி. நேற்று தாரணி வகுப்பு முன்னால் நின்று ஒரு பக்கம் முழுவதையும் வாசித்துவிட்டாள்.

ஃபஸீலா அதோடு சும்மா இருந்திருக்கலாம். சந்தோஷம் தாங்காமல் தாரணியின் அப்பா அழகப்பனுக்குப் போன் போட்டாள்.

“ஸ்கூல்லேர்ந்து பேசுறேன், தாரணி விஷயமா...”

“நான் பாத்துக்கிறேன் டீச்சர்” என்று வைத்துவிட்டார். வேலையில் இருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். பள்ளியிலிருந்து போன் வந்தால் அந்த வீட்டில் ஒரே வழக்கம்தான் என்பது அவளுக்குத் தெரியாது. அதற்கென்றே கதவுக்குப் பின்னால் பிரம்பு தொங்கியது.

இப்போது மேசையை உதைத்த கையோடு தாரணி சட்டைக் கையை மேலே இழுத்தாள். முழங்கைக்கு மேல் தோல் உரிந்து, தடித்துக் கன்றியிருந்தது.

“செவத்தோட சேத்து வெச்சு அடிச்சாரு. என்ன செஞ்சேன்னுகூட கேக்கல.”

அன்று மாலையே பள்ளி ஆலோசகரை அழைத்துக்கொண்டு ஃபஸீலா அந்த வீட்டுக்குப் போனாள்.

“நீங்கதானே கம்ப்ளெய்ன் பண்ணீங்க?” என்றார் அழகப்பன்.

“உங்க பொண்ணு நல்லா வாசிக்கிறான்னு சொல்லத்தான் கூப்ட்டேன்!”

அவர் முகம் வெளிறியது. “அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல, டீச்சர்?”

ஓங்கி ஒன்று விடலாம் போலிருந்தது அவளுக்கு. “அப்ப தப்பு செஞ்சிருந்தா அடிக்கலாமா?”

“இது போலீஸ் வரைக்கும் போகும்” என்றார் ஆலோசகர்.

அடுத்த வாரம் வகுப்பில் தாரணி வாசிக்க எழுந்தாள். புத்தகத்தைத் திறக்கவில்லை.

“நல்லா வாசிச்சா வீட்டுக்குப் போன் பண்ண மாட்டீங்கல்ல, டீச்சர்?”

ஃபஸீலா அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“மாட்டேம்மா.”

தாரணி வாசிக்கத் தொடங்கினாள்.