பார்ஸ்டோவில் ஒரு பஸ் நின்ற நேரம்

1987 ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை பாரிஸிலிருந்து கிளம்பினோம். நான் புதுச்சேரிக்காரி, லா ஷப்பெல் பக்கம் தபால் நிலையத்தில் வேலை. கூட வந்த யோகம் அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். அதே பக்கம் ரூ பெர்தொனே என்ற தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறார். கப்பல் வேலைக்குப் போன அவர் தம்பி சிவம், பல நாடுகள் அலைந்து, கலிபோர்னியாவில் பார்ஸ்டோ என்ற பாலைவன ஊரில் சாப்பாட்டுக் கடை போட்டிருந்தார். அக்காவும் தம்பியும் பார்த்து ஏழு வருடம். அக்காவுக்கு ஆங்கிலம் வராது. எனக்கு ஊர் சுற்ற ஆசை.

புதன்கிழமை லாஸ் ஏஞ்சலிஸில் ரயில் ஏறினோம். நாலு மணி நேரப் பயணம். மலையைத் தாண்டியதும் கண்ணுக்குப் பச்சையே தென்படவில்லை. மதியம் பார்ஸ்டோவில் இறங்கியபோது வெயில் முகத்தில் அறைந்தது. சிவத்தைக் காணவில்லை.

தண்டவாளத்தை ஒட்டி, வளைவும் தூணுமாக அரண்மனை போன்ற ஒரு கட்டடம் பூட்டிக் கிடந்தது. ரயிலில் சாப்பாடு கிடைக்காத காலத்தில் பயணிகள் இறங்கிச் சாப்பிட்ட ஓட்டல் அது என்றார் ஸ்டேஷன் ஊழியர். பிறகு கார்களின் காலம் வந்து, அறுபத்தாறாம் எண் நெடுஞ்சாலை ஊருக்குள்ளேயே ஓடியதாம்.

"வரேல்லையே," என்றார் அக்கா. "மறந்திட்டானோ?"

"மறப்பாராக்கா? வாங்க, நாமளே போவோம்."

தண்டவாளங்களுக்கு மேலே போகும் பாலத்தைக் கடந்தால் மெயின் ஸ்ட்ரீட். வரிசையாக மோட்டல்கள். சிவத்தின் கடை வாசலில் ஒரு பெரிய பஸ் நின்றது. உள்ளே நிற்க இடமில்லை. அடுப்படியில் வேர்வையில் குளித்தபடி சிவம்.

"அக்கா, ஸ்டேஷனுக்கு வெளிக்கிட்டனான். இந்த பஸ் வந்திட்டுது. அரை மணித்தியாலத்திலை இவை எல்லாரும் போகோணும்."

"கதை பிறகு. முட்டை எங்கை?"

அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே போனார். பிரெஞ்சு அரசாங்க ஊழியரான நான் தட்டுத் தூக்கினேன். ஓர் அமெரிக்கப் பாட்டி என் கையில் கால் டாலர் வைத்து அழுத்தினார். வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் டிப்ஸ்.

பஸ் போனதும் அக்கா தம்பியின் முகத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"மெலிஞ்சு போனாய்," என்றார். சிவம் நல்ல குண்டு.

நான்கு நாள் தங்கினோம். பாரிஸில் எங்கள் லா ஷப்பெலும் ஏறக்குறைய இப்படித்தான், வந்து நின்று போகிறவர்களின் இடம். பக்கத்திலேயே இரண்டு பெரிய ரயில் நிலையங்கள். பெட்டியோடு வந்து சாப்பிட்டுவிட்டு லண்டனுக்கோ ஜெர்மனிக்கோ போகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இங்கே இறங்குகிறவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள். அவ்வளவு பெரிய வானம் எங்களுக்கு இல்லை.

திரும்பும் ரயிலில் அக்கா சொன்னார்: "எல்லாரும் நிண்டிட்டுப் போற ஊரிலை இவன் வீடு வாங்கியிருக்கிறான்."

"கவலையா இருக்காக்கா?"

"ஏன் கவலை? இனி அவன் எங்கை எண்டு தேடத் தேவையில்லை."

சொல்லிவிட்டு, சிவம் கட்டிக்கொடுத்த சோற்றுப் பொதியை மடியில் வைத்துப் பிரித்தார்.