திருமலை வழியாகச் சித்தூருக்கு, ஓர் ஆங்கிலப் பாடத்துக்காக

புரட்டாசி மாதம், சனிக்கிழமை. விடிந்தும் விடியாமலும் இருக்கும்போதே நானும் என் மனைவி அம்புஜமும் புத்தூர் ஸ்டேஷனுக்கு வந்து, ரேணிகுண்டா போகும் பாசஞ்சருக்காக நின்றிருந்தோம். என் கையில் ஒரு மூங்கில் கூடை. அதில் ஓர் ஆரஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம், ஒரு பொட்டலம் பொரி, ஒரு சின்னச் செம்பு. அக்குளில் குடை. பார்த்தவர்கள் கோயிலுக்கு எடுத்துப் போகிறோம் என்றே நினைத்திருப்பார்கள். கோயிலுக்குத்தான் போனோம். ஆனால் கூடை கோயிலுக்கு இல்லை. திங்கட்கிழமை சித்தூரில் அம்புஜம் நடத்திக் காட்டவேண்டிய ஆங்கிலப் பாடத்துக்கு.

அம்புஜம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரிவு டீச்சர். ஆந்திரா தனி ராஜ்யம் ஆனதிலிருந்து தமிழ்ப் பிரிவு இருக்குமா போகுமா என்ற பேச்சு ஓயவில்லை. எல்லைக்கோடு எங்கே விழும், எங்கள் ஊர் ஆந்திராவிலேயே இருக்குமா, மெட்ராஸ் பக்கம் போகுமா என்று சந்தைக்குச் சந்தை ஒரு சேதி வருகிறது. இதற்கு நடுவில் இந்த வருஷம் மேலேயிருந்து ஓர் உத்தரவு. தமிழ் டீச்சர்களில் ஆங்கிலமும் நடத்தத் தெரிந்தவர்களை வைத்துக்கொள்வார்களாம். மற்றவர்களுக்கு வருஷக் கடைசியோடு வேலை இல்லை. சித்தூரில் இன்ஸ்பெக்டர் முன்னால் மாதிரிப் பாடம் நடத்த வேண்டும்.

என் நிலம் ஏரித் தண்ணீரை நம்பியது. ஏரி மூன்று வருஷமாக வானத்தை நம்பிக்கொண்டிருக்கிறது. அம்புஜத்தின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எழுத எனக்கு வெட்கமில்லை. அதனால், பெருமாளைப் பார்க்காமல் சித்தூர் போவதில்லை, அதுவும் நடந்தேதான் மலை ஏறுவது என்று வேண்டிக்கொண்டேன்.

ரேணிகுண்டா வரைக்கும் பெரிய லைன், அங்கிருந்து திருப்பதிக்குச் சின்ன லைன். வண்டி மாறக் காத்திருந்த நேரத்தில் அம்புஜம் பாடத்தை என்னிடம் சொல்லிப் பார்த்தாள். நான் நாலாவதோடு நின்றவன், எனக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்பது அவள் கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு பொருளின் பெயர் தனியாக வெளியே வராதாம். முன்னால் ஒரு சின்னச் சொல் துணைக்கு வரவேண்டும். ஏதோ ஒன்று என்றால் எ. அதுவே உயிரெழுத்துச் சத்தத்தில் ஆரம்பித்தால் ஆன். சொல்பவருக்கும் கேட்பவருக்கும் எது என்று தெரிந்திருந்தால் தி. கையருகே இருப்பது திஸ், தள்ளி இருப்பது தட். எண்ணாமல் கொஞ்சம் என்றால் சம். ஏதாவது இருக்கிறதா என்று கேட்டால் எனி.

எனக்கு இது அதிசயமாக இருந்தது. நம் வீட்டில் "குடை எடுத்து வா" என்றால் போதும். எந்தக் குடை என்று வீட்டுக்கே தெரியும். வெள்ளைக்காரனுக்கு அதையும் சொல்லியாக வேண்டும்.

மத்தியானம் திருப்பதி. சத்திரத்தில் சாப்பிட்டுவிட்டு ஜட்கா பிடித்து மலையடிவாரத்தில் அலிபிரி போய் இறங்கினோம். கூடையைச் சத்திரத்திலேயே விடலாமென்றால், புரட்டாசிக் கூட்டத்தில் யாரை நம்பி விடுவது? படிக்குக் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டுக் கூடையோடே ஏறினோம். மலை வழி முழுக்க கோவிந்தா சத்தம். தெலுங்கு, தமிழ், கன்னடம் பேசுகிறவர்கள் எல்லாரும் கலந்து ஏறினாலும் அந்தச் சத்தம் ஒன்றுதான். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டு ஏறுகிற பெண்களுக்கு வழி விட்டு ஓரமாகவே போனோம்.

பாதி வழியில் காளிகோபுரத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தபோது குரங்குகள் வந்தன. நான் துண்டை வீசி விரட்டுவதற்குள் ஒன்று ஆரஞ்சை எடுத்துக்கொண்டது. வேறு இரண்டு குரங்குகள் வாழைச்சீப்பை இழுத்துப் பிய்த்தன. பொரிப் பொட்டலம் கிழிந்து படியெல்லாம் கொட்டிவிட்டது. செம்பும் குடையும்தான் மிஞ்சின.

"இன்னாமே, பாடம் போச்சே" என்றேன்.

"துன்னட்டும் வுடுங்க. அதுங்களும் மலைமேல கீற ஜீவன்தானே" என்றாள். சொல்லிவிட்டு நெடுநேரம் பேசாமல் ஏறினாள். அவள் பேசாமல் இருந்தால் பயந்திருக்கிறாள் என்று அர்த்தம். பேச்சுக் கொடுக்க வேண்டுமே என்று, சாமி பேருக்கு முன்னால் எது போடுவது, எ-வா தி-யா என்று கேட்டேன்.

"பேருக்கு முன்னால ஒண்ணும் வேணாங்க. பேரச் சொன்னாலே போதும்" என்றாள்.

அந்தப் பதிலைச் சொல்லிக்கொண்டே மீதி மலையையும் ஏறிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. புஷ்கரணியில் குளித்து, முறைப்படி முதலில் வராகசாமியைச் சேவித்துவிட்டுப் பெரிய வரிசையில் நின்றோம். தரிசனம் கண் இமைக்கும் நேரம்தான். அதற்குள் என்ன வேண்டிக்கொள்ள முடியும்? "அம்புஜம்" என்று அவள் பேரை மட்டும் சொன்னேன். வெளியே வந்தபோது ஒரு லட்டு கிடைத்தது. தொன்னையோடு வெள்ளைத் துணியில் முடிந்து என் தோள்பையில் வைத்துக்கொண்டேன். ஊரில் எங்கள் தெருவே இதற்குத்தான் காத்திருந்தது. மலைக்குப் போய்வந்தவன் வெறுங்கையோடு தெருவில் நுழைவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. இறங்குவதற்குப் பஸ். மலைப்பாதை வளைவுகளில் எனக்குத் தலை சுற்றினாலும் பையை மடியில் கெட்டியாகப் பிடித்திருந்தேன்.

திங்கட்கிழமை விடியற்காலை திருப்பதியிலிருந்து சித்தூருக்கு ரயில். சுமார் நாற்பத்தைந்து மைல். அம்புஜம் ஜன்னலோரம் உட்கார்ந்து உதட்டுக்குள் பாடம் சொல்லிக்கொண்டே வந்தாள். செம்பைக் காட்டி, குடையைக் காட்டி என்னையும் சொல்லச் சொன்னாள். எதிரே உட்கார்ந்திருந்த புளி வியாபாரி ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம், "இன்னா நைனா, ஊட்லயும் இவங்கதான் வாத்தியாரா?" என்று கேட்டார்.

"ஊட்ல பாடம் கெடையாது, பரீட்ச மட்டுந்தான்" என்றேன். பெட்டியே சிரித்தது. அம்புஜமும் சிரித்தாள். இரண்டு நாளில் அதுதான் முதல் தடவை.

பாகாலா ஜங்ஷனில் வண்டி நெடுநேரம் நின்றது. இரண்டணாவுக்குக் காபி. புது நயா பைசாவில் அது பன்னிரண்டா பதின்மூன்றா என்று எனக்கும் கடைக்காரருக்கும் ஒரு சின்ன வாக்குவாதம். அவர் தெலுங்கில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன், பன்னிரண்டில் முடிந்தது. அங்கேயே ஓர் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டோம். பொரி கிடைக்கவில்லை. சம் என்பதற்குச் சாக்பீஸை வைத்துச் சமாளித்துக்கொள்கிறேன் என்றாள் அம்புஜம்.

பதினொரு மணிக்குப் பாடம். சித்தூர்ப் பள்ளிக்கூடத்தில் அன்று மாதிரிப் பாடத்துக்கென்று உட்காரவைத்த பிள்ளைகளில் முக்கால்வாசி தெலுங்குப் பிள்ளைகள். தமிழும் பேசக்கூடாது, தெலுங்கும் பேசக்கூடாது, பொருளைக் காட்டி ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டும் என்பது இன்ஸ்பெக்டரின் விதி. அவர் பெரிய மனிதர், கதர்ச் சட்டை, காலில் பூட்ஸ். மேஜைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வராந்தாவில் ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

அம்புஜம் குடையைத் தூக்கிக் காட்டினாள். "திஸ் இஸ் ஆன் அம்பரெல்லா." பிள்ளைகள் திருப்பிச் சொன்னார்கள். ஆரஞ்சு, செம்பு, சாக்பீஸ். எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னார்கள். ஆனால் அவள் கேள்வி கேட்டால் பதில் இல்லை. இன்ஸ்பெக்டரின் பூட்ஸைப் பார்ப்பதும் தலையைக் குனிவதுமாக இருந்தார்கள். ஒரு பையனை எழுப்பிக் கேட்டாள். அவன் அழுதுவிடுவான் போலிருந்தது. இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அம்புஜம் நேராக ஜன்னலுக்கு வந்தாள்.

"அந்த லட்டக் குடுங்க" என்றாள், மெதுவாக.

"அது பிரசாதம்மே. மேஜமேல வெச்சிக் காட்டற சாமானா?"

"சாமானா கேக்கலீங்க. பசங்க வாயே தொறக்கல. குடுங்க."

பிரசாதத்தைக் காட்டிவிட்டுத் திருப்பி முடிந்துவைக்க முடியாது. பார்த்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாக வேண்டும். உள்ளே போனால் அது ஊர் வந்து சேராது. அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். திருமலை இருக்கும் திசையைப் பார்த்தேன். கூரைதான் தெரிந்தது. வராந்தாப் பானைத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு முடிச்சை அவிழ்த்து, தொன்னையோடு எடுத்துக் கொடுத்தேன்.

அவள் அதை மேஜையில் வைக்கவில்லை. இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடுவில் வந்து நின்றாள். "திஸ் இஸ் எ லட்டு" என்றாள்.

நெய்யும் ஏலக்காயும் பச்சைக்கற்பூரமும் கலந்த அந்த வாசனை வகுப்பு முழுக்கப் போனது. முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்று, "திருப்பதி லட்டு!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மற்றவர்களும் எழுந்துவிட்டார்கள். அம்புஜம் சிரித்து, "எஸ். தி லட்டு" என்றாள். ரேணிகுண்டாவில் எனக்குச் சொன்னபோது பாதிதான் புரிந்திருந்தது. மீதி இப்போது புரிந்தது.

அதன் பிறகு அவள் யாரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை. "டூ யூ வாண்ட் சம் லட்டு?" என்று கேட்டு, பிட்டுப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே வரிசையாக வந்தாள். "ஐ வாண்ட் சம் லட்டு" என்று கையை நீட்டினார்கள். அழப் போன பையன் மட்டும் தொன்னைக்குள் எட்டிப் பார்த்து, முந்திரி ஒட்டியிருந்த துண்டைக் காட்டி, "ஐ வாண்ட் தட் பீஸ்" என்றான். யாரும் அதை அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. துண்டு அவனுக்கே கிடைத்தது.

கடைசியில் அம்புஜம் இன்ஸ்பெக்டர் முன்னால் வந்து நின்றாள். அவர் குனிந்து பூட்ஸின் கயிற்றை அவிழ்த்தார். இரண்டு காலிலும் அவிழ்க்க நேரமானது. வகுப்பு காத்திருந்தது. வெறுங்காலோடு எழுந்து நின்று, இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார். பிள்ளைகள் இப்போது அவரைப் பார்த்துப் பயப்படவில்லை.

பாடம் முடிந்து எங்களைக் கூப்பிட்டுத் தமிழும் தெலுங்குமாகக் கேட்டார். "ஏமம்மா, நாளைக்குக் கோடு போட்டு உங்க ஊரு மெட்ராஸ் பக்கம் போயிட்டா? நம்ம ஆர்டருக்கு அங்க வெல லேதே, செல்லாதே."

"ஊரு எந்தப் பக்கம் போனாலும் பசங்க அங்கயேதான் சார் இருப்பாங்க. பாடம் சொல்ல ஆள் வேணுமில்ல?" என்றாள் அம்புஜம்.

அவர் அம்புஜத்தின் பேரைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "மஞ்சிதி, நல்லது. ஆர்டர் தபால்ல வரும். நீ பாடத்த நிறுத்தாதம்மா" என்றார். தீபாவளிக்கு முன்னாலேயே ஆர்டர் வந்துவிட்டது. இதை எழுதும்போது அம்புஜம் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.

அன்று சாயங்காலம் சித்தூரில் ரயில் ஏறியபோது என் தோள்பையில் வெறும் தொன்னைதான் இருந்தது. மலைக்குப் போகும்போது என் தெருவுக்கு என்று நினைத்துப் போனேன். பெருமாள் அதைச் சித்தூரில், பேர் தெரியாத பிள்ளைகளுக்கு, எனக்குத் தெரியாத பாஷையில் கொடுத்துவிட்டார். அவர் கொடுக்கிறபோது எந்த ஊர், எந்தப் பக்கம் என்று கேட்கிறவராகத் தெரியவில்லை. ஆனாலும் தெருவை நினைத்தால் கவலையாகத்தான் இருந்தது. அம்புஜம் தொன்னையை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். மடிப்பில் நாலைந்து பூந்தி ஒட்டிக்கொண்டிருந்தன. அதை மூடி முடிந்து தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை வீடு வந்ததும் ஒரு படி சர்க்கரையைத் தாம்பாளத்தில் கொட்டி, அந்தப் பூந்தியை உதிர்த்துக் கலந்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டாள். தெரு வந்தது. எல்லாருக்கும் ஒவ்வொரு பிடி கொடுத்தேன்.

எதிர்வீட்டு முனுசாமி அண்ணன் கையை உற்றுப் பார்த்தார். "இன்னாப்பா, இது லட்டா, சக்கரயா?"

"ரெண்டுந்தாண்ணா. லட்டு கொஞ்சம் கலந்துகீது."

"சம்" என்றாள் அம்புஜம் உள்ளேயிருந்து.

"இன்னா சொல்லுது அது?"

"பாடம் சொல்லுதுண்ணா" என்றேன். அவர் சர்க்கரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்.