நெல்லுக்கென்று ஒரு சோடி

என் மாமனார் வீரபாகு உட்கார்ந்தால் வலது கால் ஆடும். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலேயே அதைக் கண்டேன். பந்தியில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் விறாந்தைக் கதிரையின் நுனியில், இதோ எழும்பப் போகிறேன் என்பதுபோல் இருந்து, காலை ஆட்டிக்கொண்டிருந்தார். கதிரை கிறீச்சிட்டது. அந்தச் சத்தம் குசினி அடுப்படி வரைக்கும் கேட்கும். பிறகு வந்த வருடங்களில் அது நின்றால்தான் நான் தலையை நீட்டிப் பார்ப்பேன். மனிதர் எழும்பி எங்கேயோ போய்விட்டார் என்று பொருள்.

காலாட்டினால் வீட்டில் செல்வம் தங்காது என்பார்கள். மாமி இராசேஸ்வரி அதைச் சொல்லாத நாள் இல்லை.

“ஆட்டுங்கோ, ஆட்டுங்கோ. கிடக்கிற சீதேவியும் எழும்பிப் போகட்டும்.”

“அவ எங்க போறது? வயல் சேத்துக்குள்ள கால் புதைஞ்சு நிக்கிறா.”

மாமா பருத்தித்துறைப் பக்கத்தில் பிறந்தவர். உருத்திரபுரத்தில் குடியேற்றத் திட்டத்தில் தகப்பனுக்கு வயல் கிடைத்தபோது கைக்குழந்தையாக இங்கே வந்தார். அவர் ஓரிடத்தில் இருந்ததை யாரும் கண்டதில்லை. செத்த வீட்டுக்குப் போனாலும் அங்கே சாய்ந்து கிடக்கும் வேலியைப் பார்த்தால் கத்தி கேட்பார். சண்டையில் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், மழை வந்தால் தண்ணீர் உள்ளே வருமென்று கூடாரத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டினார். அது முடிந்ததும் அயல் கூடாரங்களுக்கும் வெட்டினார். வேண்டாமென்றவர்களுக்கும் வெட்டினார்.

ஊர் திரும்பிய பிறகுதான் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இருப்பது தெரிந்தது. கிளினிக்கில் நம்பரை எடுத்துக்கொண்டு மர வாங்கில் உட்கார்ந்திருக்கமாட்டார். வெளியே போய்விடுவார், பெயர் கூப்பிடும்போது நான் தேடிக்கொண்டு ஓடுவேன். மருந்துக் குளிசை ஒழுங்காகத்தான் போட்டார். ஆனாலும் சில வருடங்களில் முகம் காலையில் வீங்கத் தொடங்கியது. கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. சிறுநீரகம் பழுதாகிக்கொண்டு வருகிறது என்றார்கள். உப்பைக் குறைத்தோம். அவருடைய ஓட்டம் மட்டும் குறையவில்லை.

வயலுக்குப் போகும் வழியில் ஒரு மதகு இருக்கிறது. முன்பெல்லாம் அதைத் தாண்டிப் போய்விடுவார். பிறகு அதில் நின்று தண்ணீரைப் பார்க்கத் தொடங்கினார். விவசாயி தண்ணீரைப் பார்ப்பதில் என்ன இருக்கிறது என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். ஆனால் வாய்க்கால் காய்ந்து வெடித்துக் கிடந்த காலத்திலும் நின்று பார்த்தார். ஒருநாள் பின்னால் போன நான் கவனித்தேன். அவருடைய கை கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்றால் வலி விட்டுவிடும், மறுபடி நடப்பார். பிறகு மதகுக்கு முன்னாலுள்ள மருதமரத்தடியிலும் நிற்க வேண்டியதாயிற்று.

பொழுதுபட்டால் வேறு உபத்திரவம். காலுக்குள் எறும்பு ஊருவதாகச் சொல்லி முற்றத்தில் மேலும் கீழும் நடப்பார். அந்த நேரத்தில் காலாட்டம் பழைய காலாட்டம் இல்லை. முன்பு அது அவருடைய அவசரம். இப்போது கால் தன்பாட்டில் ஆடியது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கேயும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது, வீட்டுக்குள்ளேயும் கூடாது என்று கிளினிக்கில் சொல்லி, பின்வார் வைத்த தடித்த செருப்பு ஒன்றைப் போடச் சொன்னார்கள். போட்டார். ஆனால் நெல்லை நாங்கள் செருப்புக் காலால் மிதிப்பதில்லை. மாடு விட்டுச் சூடு மிதித்த காலத்தில், களவெட்டி என்ற நெற்களத்துக்குள் யாரும் செருப்போடு போனதில்லையாம். இப்போது களவெட்டி இல்லை. வெட்டு மிசின் கொட்டும் ஈரநெல் தார் வீதியில் காய்கிறது. அதன் கரையால் லொறி போகிறது, மாடு போகிறது. இருந்தும் நெல் பரவிய இடத்தில் கால் வைக்கும்போது செருப்பைக் கழற்றித்தான் வைப்போம்.

போன வருடம் மாசிக் கடைசியில், உச்சிவெயிலில், மாமாவுக்குக் குடிக்கப் பாலும் சீனியும் போடாத பிளேன்ரீ கொண்டு போனேன். செருப்புச் சோடி புல்லோரத்தில் ஒழுங்காக இருந்தது. அவர் நெல்லுக்குள் காலை இழுத்து இழுத்து, சால் போட்டதுபோல் கிண்டிக்கொண்டு போனார். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் வைத்தேன். வைத்த காலை எடுத்துக்கொண்டு புல்லுக்கு ஓடினேன். தார் கொதித்துப்போய்க் கிடந்தது. அவர் நடுவில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“மாமா, கால் சுடேல்லையோ?”

“இந்த முறை தார் பெரிசாச் சுடேல்லைப் பிள்ளை. எங்கட காலெல்லாம் வெயிலில வெந்த கால்.”

கூப்பிட்டேன், வரவில்லை. ஓடிப்போய் மாமியைக் கூட்டிவந்தேன். அவ ஏசி இழுத்துவந்து கிணற்றடியில் இருத்திக் காலைக் கழுவினா. வலது குதிக்காலின் தோல் ஈரக் கடதாசிபோல் மாமியின் கையோடு வந்தது. விரல்களின் அடியில் கொப்புளம் கட்டியிருந்தது. மாமா குனிந்து, வேறு யாருடையதோ காலைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

மாமி கற்றாழை வெட்டப் போனா. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று என் கணவர் ஜனார்த்தனன் மோட்டார் சைக்கிளை எடுத்தார். மாமா மறுத்துவிட்டார். நெல் வீதியில் கிடக்கிறது, மழை இருட்டுகிறது, ஏற்றிவிட்டு வருகிறேன் என்றார். மறுநாளும் அதையே சொன்னார். காலில் துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடி வீதிக்கு இறங்கப் பார்த்தார். சீமெந்து நிலத்தில் அவர் நடந்த இடமெல்லாம் ஈரம் பதிந்திருந்தது. இலையான் அந்த ஈரத்தில் வந்து மொய்த்தது. நான் துடைக்கத் துடைக்க மறுபடி பதிந்தது.

அவரை எதிர்த்து நான் ஒரு சொல் பேசியதில்லை. அன்றைக்கு வாசலில் நின்றுகொண்டு சொன்னேன்.

“நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் நெல்லை நான் கிண்டுறன். போகாட்டி நான் தொடன். மழையில முளைச்சுப் போகட்டும்.”

என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. மாமா மாமியைப் பார்த்தார்.

“இஞ்சரப்பா, இந்தப் பிள்ளைக்கு வாய் இருக்குதெண்டு நீ சொல்லவே இல்லை.”

“எனக்கும் இப்பதான் தெரியும். எழும்புங்கோ.”

போனார். இங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். பாதத்துக்கு இரத்தம் போதாமல் போகிறது, அதனால் புண் ஆறாது, முழங்காலுக்குக் கீழே காலை எடுக்கவேண்டி வரலாம் என்றார்கள். மருந்து ஏற்றிப் படம் எடுத்தால் இரத்தக்குழாயில் அடைப்பு எங்கே என்று தெரியும், திறந்துபார்க்கலாம். ஆனால் அந்த மருந்து மிச்சமிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். இளம் டொக்டர் பிள்ளை ஒருவர் இதைப் பொறுமையாகச் சொன்னா. கட்டிலில் இருந்த மாமாவின் இடது கால் ஆடிக்கொண்டிருந்தது. வலது காலை அசைக்கவேண்டாமென்று தலையணையில் வைத்திருந்தார்கள்.

“வாய்க்கால் அடைச்சிட்டுது. வெட்டினால் குளம் உடைஞ்சாலும் உடையும். அப்பிடித்தானே?”

டொக்டர் அப்படித்தான் என்றா.

“அப்ப கொஞ்சமாத் திறந்து விடுங்கோ. வயல் கருகிறதைப் பார்த்துக்கொண்டு இருக்கேலாது.”

மருந்தைக் குறைத்து ஏற்றி ஓர் அடைப்பைத் திறந்தார்கள். கறுத்துப்போன இரண்டு விரல்களை எடுத்தார்கள். பாதம் தப்பியது. ஊர் திரும்பி நான் நெல்லைக் கிண்டினேன். விடியவும் பின்னேரமும் மட்டும் கிண்டினேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவரை இருத்தி வைப்பதுதான் பெரும்பாடு. ஊன்றுகோலோடு வாசல் படலை வரைக்கும் போவார், திரும்புவார், மறுபடி போவார். இந்த வருட அறுவடை வந்தபோது நெல்லைப் பார்க்காமல் இருக்கமாட்டேன் என்றார். எனக்கு நித்திரை இல்லை. கழற்றாதீர்கள் என்று சொன்னால் கேட்கமாட்டார் என்பது தெரியும். சந்தையில் புதுச் செருப்பு ஒரு சோடி வாங்கி, மஞ்சள் தண்ணீரில் கழுவி, மண்ணில் வைக்காமல் நெல் மூட்டைகளுக்கு மேல் வைத்தேன். இது வேறெங்கும் மிதிக்காது, நெல்லுக்கு மட்டும் என்றேன்.

மாமிக்குச் சிரிப்பு. “அருச்சனை செய்யேல்லையோ அதுக்கு?”

மாமா செருப்பைக் கையில் எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். வீதியோரத்தில் கதிரை போட்டு இருத்தி நானே மாட்டிவிட்டேன். எழும்பினார். கால் நுனியை நெல்லில் வைத்தார், எடுத்தார், வீதியின் இரண்டு பக்கமும் பார்த்தார், மறுபடி வைத்தார்.

“சீதேவி கோவிக்கமாட்டாவோ, பிள்ளை?”

“புதுச் செருப்புத்தானே, மாமா.”

ஒரு சால் நீளத்துக்கு நடந்தார். திரும்பி வந்து கதிரையில் இருந்தார். அதன் பிறகு நான் கிண்டியதில் பிழை சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவருடைய வலது காலில் மூன்று விரல்கள் இருக்கின்றன. குதிக்கால் புண் சிறுத்திருக்கிறது, மூடவில்லை. ஒன்றுவிட்டு ஒருநாள் மருந்து கட்டப் போகிறோம். சிறுநீரகத்துக்குப் பதிலாக மிசினால் இரத்தம் சுத்திகரிக்க இன்னும் தொடங்கவில்லை. இடது கையில் யாரையும் ஊசி குத்த விடவேண்டாம், அந்த நரம்பு பிறகு அதற்குத் தேவைப்படும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.