முள்ளுப்பத்தைக் கவ்வாத்து

அந்த நாட்களில் விடிந்ததும், அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் மூலையைத்தான் பார்ப்பேன், மாமா படுத்திருக்கிறாரா என்று. மாமா என் வீட்டுக்காரரின் அப்பா. பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் ஆயுள் முழுக்கக் கவ்வாத்துக் கத்தி பிடித்தவர். வளர்ந்த தேயிலையை மட்டமாக வெட்டிவிடுகிற வேலை. வயசாகிவிட்டது என்று வேலையிலிருந்து பேரை வெட்டிவிட்டார்கள். அது மட்டும் அவர் தலையில் நிற்கவில்லை. விடிந்தால் கத்தியோடு பெரட்டுக்குப் போய்விடுவார்.

பெரட்டில்தான் யார் யார் எந்த மலைக்கு என்று கங்காணி ஆட்களைப் பிரிப்பார். மாமாவின் பேர் வராது. வரும் என்று நிற்பார்.

"வீட்டுக்கு வாங்க மாமா. ஒங்களுக்கு வேலை இல்லைங்க."

"யாரு சொன்னா? கவ்வாத்து இன்னும் முடியலையே புள்ள."

அவரைக் கூட்டிப்போய் லயத்து வீட்டில் விட்டு வந்தால் எனக்குப் பிந்திவிடும். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவள் நான், கொழுந்து பறிப்பதைத் தவிர வேறென்ன தெரியும்? அப்படியே விட்டுப் போனாலோ, பள்ளத்தில் விழுந்திருப்பாரோ, கத்தி காலில் பட்டிருக்குமோ என்று கை பறிக்க மனசு அலையும். ஒருதடவை கத்தியை ஒளித்து வைத்தேன். வாசலில் உட்கார்ந்து அழுதார். எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

பயந்தது நடந்தது. கொழுந்து தளதளவென்று நின்ற மலைக்குள் இறங்கி ஒரு நிரை முழுக்க வெட்டிச் சாய்த்துவிட்டார். பறிக்க வந்த நாங்கள் மொட்டைக் குச்சிகளைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கணக்கப்பிள்ளை குதித்தார். "இன்னொரு தடவை இப்படி நடந்தா காம்பராவைக் காலி பண்ணிட்டுப் போக வேண்டியதுதான்!" லயத்தில் அந்த ஒரு அறைக் காம்பராவை விட்டால் பிள்ளைகளோடு எங்கே போவது?

கங்காணியிடம் போய் நின்றேன். அவர் முன்கோபக்காரர். "என்னைய என்ன பண்ணச் சொல்ற? ஒன் மாமனாரக் கட்டியா போட முடியும்?" என்று எரிந்து விழுந்தார். ஆனால் மறுநாள் எல்லாரையும் பிரித்து முடித்தபின் கைத்தடியை நீட்டி, "கவ்வாத்து ஆளு! பின்பக்கத்து முள்ளுப்பத்தை!" என்றார்.

"ஆகட்டுங்க!" என்றார் மாமா. அவர் நடையே மாறிவிட்டது.

லயத்துக்குப் பின்னால் யாருக்கும் வேண்டாத முட்புதர் அந்த முள்ளுப்பத்தை. அதைத் தேயிலை மட்டத்துக்கு அழகாக வெட்டினார். துளிர்க்கத் துளிர்க்க வெட்டினார். கங்காணியும் தினம் சொன்னார். முகத்தில் சிரிப்பு இருக்காது. சில நாள் சலித்துக்கொண்டே சொல்வார். சொல்லாமல் விட்டதில்லை.

அடுத்த காம்பராக்காரிக்கு வாய்த் துடுக்கு. கங்காணி மாதிரிப் பேசிக் காட்டி மலையையே சிரிக்க வைப்பாள். "ஏன்க்கா, ஒங்க மாமாவுக்கு முள்ளுத் தொரைன்னு பதவி குடுத்துட்டாங்களாமே! சம்பளத்தையும் முள்ளாவே குடுப்பாங்களோ?" எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு காலை கங்காணி இல்லை. நெஞ்சு வலி என்று பதுளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கணக்கப்பிள்ளை ஆட்களைப் பிரித்தார், முடித்தார். மாமா நின்றுகொண்டிருந்தார். ஆட்கள் நகரத் தொடங்கினார்கள். நானே கத்தினேன்.

"கவ்வாத்து ஆளு! முள்ளுப்பத்தை!"

மாமா திரும்பிப் பார்த்தார். "நீ என்ன புள்ள, கங்காணியா? போ, போய்க் கொழுந்தப் பறி."

யாரோ சிரித்தார்கள். மாமா கத்தியைத் தோள் மாற்றிக்கொண்டு கொழுந்து மலைப் பக்கம் நடந்தார். காம்பரா போச்சு என்று நினைத்தேன்.

"ஏய் கவ்வாத்து! எங்கய்யா போற? பின்பக்கத்து முள்ளுப்பத்தை!"

கங்காணியின் குரலேதான், பேச்சுக்கு நடுவில் அவருக்கு வரும் இருமல் உட்பட. அடுத்த காம்பராக்காரி தலைக் கம்பளியை முகம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆகட்டுங்க!" மாமா திரும்பி லயத்துப் பக்கம் போனார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. கணக்கப்பிள்ளையும் காதில் விழாதவர் மாதிரி நின்றார்.

"வாயப் பொளந்துக்கிட்டு நிக்காம நடங்கக்கா, பிந்திருச்சு" என்று என்னைத் தள்ளிக்கொண்டு போனாள். கங்காணி திரும்பி வரும்வரை ஒருநாள் விடாமல் அவள்தான் கூப்பிட்டாள். மத்தியானத்தில் அதையே வைத்துக் கேலியும் செய்தாள்.

இப்போது பஸ்ஸில் ஒருவர் இறங்கக் கொஞ்சம் சுணங்கினாலே பின்னாலிருந்து நாலு குரல் ஏசுகிறது. எனக்குப் பதைக்கிறது. எங்கள் ஆட்களும் ஏசினார்கள்தான், ஏசிக்கொண்டே காத்திருந்தார்கள்.

அவள் முதலில் குரல் கொடுத்த அன்று மாலை கூடையை இறக்கியபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது. முள் கீறிய கையை மாமா நீட்டினார். மஞ்சள் அரைத்துப் பூசினேன்.

"நாளைக்குப் பெரட்டு இருக்கா புள்ள?"

"இருக்குங்க மாமா."

விளக்கை ஏற்றிவிட்டு அடுப்பருகில் உட்கார்ந்தேன்.

"நாளைக்குப் பெரட்டு இருக்கா?"

"இருக்குங்க மாமா."