நின்றதா, நிறுத்தினதா

நல்லம்பள்ளி போகும் சாலையில் எனக்கு ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கிறது. பெட்ரோல் வண்டி மட்டும்தான் பார்ப்பேன். டீசல் வண்டியோடு வருகிறவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அடுத்த கடைக்கு அனுப்பிவிடுவேன். இப்போது வேலைக்கு வரும் தம்பிகள் ஸ்கேனரை மாட்டுகிறார்கள், அது காட்டும் எரர் கோடைப் படிக்கிறார்கள், பார்ட்ஸை மாற்றுகிறார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை. ஸ்கேனர் மாட்ட இடமே இல்லாத வண்டி வந்தால் என்ன செய்வது என்று அவர்களில் சிலர் கேட்டார்கள். சத்யாவின் வண்டியைப் பற்றிச் சொன்னால் போதும் என்று தோன்றியது.

வண்டி வந்த நாள்

மூன்று சிலிண்டர், பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர் வைத்த பழைய சின்ன கார். ஒரு காலத்தில் சிவப்பாம். வந்தபோது செங்கல் நிறத்தில் இருந்தது. பின்னால் நீலப் புகை, ஆயில் கேஜில் சொட்டு ஆயில் இல்லை. ஓட்டி வந்தது சத்யா. தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வீடு வத்தல்மலை மேலே. காலை டியூட்டிக்கு மலையிலிருந்து பஸ் பிடித்தால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று இந்த வண்டியை வாங்கியிருந்தாள். பக்கத்து சீட்டில் அவள் கணவர் மாதேஷ், மேலே மிளகும் காப்பியும் போடுகிற விவசாயி. டிரைவிங் தெரியாது. ஆனால் கருத்து நிறைய உண்டு.

"எஞ்சினப் பாருங்கண்ணா, அதோட இவளுக்குக் கொஞ்சம் கிளட்சும் சொல்லிக் குடுங்க. மலை எறங்கறப்ப வளைவுல வண்டிய நிறுத்திடறா."

"நான் நிறுத்தலீங்கண்ணா. அதுவா நின்னுடுது."

"காலைல நிறுத்துவா. கொஞ்ச நேரம் கழிச்சு அதே வண்டி ஜம்முனு ஸ்டார்ட் ஆவுது. வண்டில கோளாறு இருந்தா எப்பிடிங்க ஸ்டார்ட் ஆவும்?"

நியாயமான கேள்விதான். இதற்கு முன் பார்த்த மெக்கானிக்குகளும் ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டில ஒண்ணுமில்ல, மேடத்துக்குப் பழகணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெண் ஓட்டுகிற வண்டி என்றால் எங்கள் தொழிலில் இந்த ஸ்பேர் பார்ட் எப்போதும் ஸ்டாக்கில் இருக்கும்.

மாதேஷைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். மனுஷன் பயந்திருந்தார். இறக்கத்தில் எஞ்சின் நின்றால் பிரேக் கட்டை மாதிரி இறுகிவிடும். ஏறி மிதிக்க வேண்டும். கீழே பள்ளம். சத்யா டயருக்குக் கல் வைக்கப் போன நேரத்தில் அவர் என்னிடம் மெல்லச் சொன்னார்: "இதுக்கப்புறமும் நின்னா வண்டிய வித்துடுவேங்க. வேலைய வுட்டுட்டு வூட்ல இருக்கட்டும். ஆள் முக்கியம்ங்களே."

அவள் காதில் அது விழுந்துவிட்டது. கல்லை வைத்துவிட்டு வெகுநேரம் நிமிராமலே இருந்தாள்.

எஞ்சின் இறங்கியது

எஞ்சினைக் கழற்றிப் பார்த்தால், இவ்வளவு நாள் ஓடியதே பெரிய விஷயம் என்று தோன்றியது. பிஸ்டன் ரிங் எதிலும் உயிர் இல்லை. சிலிண்டரில் நகம் மாட்டும் அளவுக்குக் கோடு. போரிங் போட்டு, அதாவது சிலிண்டரை அகலமாகக் குடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் இறக்கினோம். வால்வுகளைப் பேஸ்ட் தடவி நானே கையால் அரைத்தேன். இந்த வேலையை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டேன். வால்வும் அது போய் உட்காரும் சீட்டும் ஒட்டுகிற இடத்தில் மங்கலான வெள்ளி வளையம் ஒன்று சுற்றிலும் அறுபடாமல் வர வேண்டும். அது வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

டியூட்டி முடிந்து சத்யா வந்து பார்த்துவிட்டுப் போவாள். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, பெட்ரோல் ஊற்றி, வால்வு கசிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "எங்க வார்டுல டிரிப்ஸ் பாட்டில் பாக்கற மாதிரியே பாக்கறீங்கண்ணா" என்று சிரித்தாள்.

டைமிங் வைத்து, கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவி மாட்டி, ஆக்சிலேட்டர் மிதிக்காதபோதும் எஞ்சின் அணையாமல் ஓட வைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி முடித்தபோது நல்ல உச்சி வெயில். எஞ்சின் ஓட ஓட, அதன் கவர் மேல் ஒரு ரூபாய்க் காசை விளிம்பில் நிறுத்தினேன். விழவில்லை. இதை மாதேஷ் போனில் வீடியோ எடுத்தார். எனக்கும் தலை கொஞ்சம் பெருத்துத்தான் போயிருந்தது.

இரண்டு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரை எஞ்சின் சூடாகும்வரை தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு அந்த வண்டியில் இல்லை. எக்ஸாஸ்ட் பக்கத்துச் சூடான காற்றை ஏர் கிளீனருக்குக் கொண்டுபோகும் குழாயும் இல்லை. எவரோ எப்போதோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். நானும் போடவில்லை. எங்கள் பக்கத்தில் யாருமே போடுவதில்லை. "நம்மூரு வெயிலுக்கு அது எதுக்கு?" என்பதுதான் தர்மபுரி மெக்கானிக்குகளின் தேசிய கீதம்.

பனியில்

மார்கழி பிறந்ததும் மாதேஷ் போன் செய்தார். "மறுபடி நிறுத்திட்டாங்கண்ணா. பார்ட்டி பாத்துட்டேன். ஞாயித்துக்கிழமை வண்டிய எடுத்துக்கறாங்க."

எனக்குக் கோபம்தான் வந்தது. காசு நிற்கிற எஞ்சின் எப்படி நிற்கும்? ஆளையும் பார்த்துவிடலாம், வண்டியையும் பார்த்துவிடலாம் என்று விடியும்போதே பைக்கில் மலையேறினேன். எதிரே வருவது தெரியாத பனி. ஹெல்மெட் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து மேலே போய்ச் சேர்ந்தேன்.

சத்யா ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாதேஷ் பைக்கில் பின்னால் வந்தார். சாலையைப் பார்க்காமல் அவள் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கியரைக் குறைத்த விதம், கிளட்சை விட்ட விதம் எல்லாம் சுத்தம். என்னிடம் வேலை பார்க்கிற பையன்களைவிட நன்றாகவே ஓட்டினாள். சில வளைவுகள் தாண்டியதும், அவள் கால் அசையாமல் இருக்கும்போதே எஞ்சின் ஒருமுறை இருமியது. அவ்வளவுதான், அடங்கிவிட்டது. அவள் பதறவில்லை. பிரேக்கை ஏறி மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைச்சுவர்ப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினாள். நான்தான் கதவுப் பிடியை விடாமல் பிடித்திருந்தேன்.

"பாத்தீங்களாண்ணா?"

"பாத்தேன். நின்னுச்சு. நீ நிறுத்தலம்மா."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை விட்டு இறங்கினாள்.

பானட்டைத் திறந்தேன். பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் அடிக்கிறது. அவள் எட்டிப் பார்த்து, கார்பரேட்டரைக் காட்டிச் சொன்னாள்: "ஒவ்வொரு தடவையும் இதுதாங்கண்ணா இப்பிடி வேர்த்திருக்கும். தொட்டா சில்லுனு இருக்கும். யார்ட்ட சொன்னாலும் பனி ஈரம்ங்கறாங்க."

கார்பரேட்டரைத் தொட்டேன். ஓடிக்கொண்டிருந்த எஞ்சினில் இருக்க வேண்டிய சூடு இல்லை, விரல் விறைத்தது. அவசரமாக ஏர் கிளீனரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே காற்று போகும் தொண்டையில் வெள்ளையாக ஐஸ் படிந்திருந்தது. என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

"மாதேஷ், ஓடியாங்க!" என்று கத்தினேன். அவர் பைக்கை ஸ்டாண்டு போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்ப்பதற்குள், கீழேயிருந்த எஞ்சின் சூட்டில் அது உருகிவிட்டது.

"தண்ணிதான இருக்குது?" என்றார்.

பெட்ரோல் ஆவியாகும்போது பக்கத்திலிருக்கும் சூட்டை இழுத்துக்கொள்ளும் என்று விளக்கினேன். அவர் முகம் மாறவில்லை. சத்யாதான் இடையில் புகுந்தாள். "ஊசி போடறதுக்கு முன்னாடி ஸ்பிரிட் தொடச்சா சில்லுனு இருக்கும் இல்லீங்களா, அந்த மாதிரி. பனிக்காத்துல இருக்கற ஈரம் அங்க போயி உறைஞ்சு, வண்டிக்கு மூச்ச அடச்சிடுது. நின்னதும் எஞ்சின் சூட்டுல உருகிடுது. அதான் திரும்ப ஸ்டார்ட் ஆவுது."

நான் சொல்ல நினைத்ததைவிட நன்றாகவே சொன்னாள். மாதேஷ் அரைமனதாகத் தலையாட்டினார். "சரி, பண்ணிப் பாருங்க. பார்ட்டிய ஒரு வாரம் தள்ளிப் போடறேன்."

அன்றே தெர்மோஸ்டாட் வால்வு வாங்கி மாட்டினேன். சூடான காற்றைக் கொண்டுவரும் குழாய் எந்தக் கடையிலும் இல்லை. காயலான் கடையில் கிடந்த அதே மாடல் வண்டியிலிருந்து கழற்றி வந்தேன். ஏர் கிளீனர் மூக்கில் ஒரு சின்ன லீவர் இருக்கும். ஒரு பக்கம் S, இன்னொரு பக்கம் W. S என்றால் கோடை, W என்றால் குளிர்காலம்; W பக்கம் திருப்பினால்தான் சூடான காற்று உள்ளே போகும். அந்த எழுத்தை எத்தனையோ வண்டிகளில் துடைத்திருக்கிறேன், லீவரை அந்தப் பக்கம் திருப்பியதே இல்லை. துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. எண்ணெய் விட்டுத் திருப்பினேன். ஸ்லோ ஸ்க்ரூவை மட்டும் ஒர்க்‌ஷாப்பில் தொடவில்லை. மறுநாள் விடிகாலை மலைமேல், அவர்கள் வாசலில், பனிக்குள் நின்று வைத்தேன்.

இறங்கும்போது மாதேஷ் பின் சீட்டில் ஏறிக்கொண்டார். வண்டி வழக்கமாக நிற்கும் வளைவு வந்தது. சத்யா வேகத்தைக் குறைத்து, கிளட்சை முழுசாக மிதித்து, வண்டியை ஓரமாக நிறுத்தி அப்படியே காத்திருந்தாள். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டே இருந்தது. பின்னாலிருந்து மாதேஷ் தொண்டையைச் செருமி, "சரி, போ. டியூட்டிக்கு நேரமாவுது" என்றார்.

வண்டியை அவர் விற்கவில்லை.

தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். வண்டி எங்கே வாழ்கிறதோ அங்கே போய், அது படுகிற வெயிலிலும் பனியிலும் ட்யூன் செய்யுங்கள். ஓட்டுகிறவர் நின்றது என்று சொன்னால், நிறுத்தியதாக நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். எங்கே, எந்த நேரம், தொட்டால் எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

போன மாதம் இருவரும் ஆயில் மாற்ற வந்திருந்தார்கள். பெஞ்சில் காத்திருந்த ஒருவர், இந்தப் பழைய வண்டியெல்லாம் மலை இறங்குமா என்று மாதேஷிடம் கேட்டார்.

"தெனமும் எறங்குதுங்க. மின்னாடி பனி காலத்துல ஒரு வளைவுல நின்னுடும். இப்பெல்லாம் நிக்கறதில்ல."

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த சத்யா துணியோடு அப்படியே என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, என்ன சொன்னாரு, கேட்டீங்களா?"

"கேட்டேன்மா" என்றேன். "நின்னுடும்னுதான் சொன்னாரு."