தங்கை சரிசெய்த குழாய்

குழந்தைக்குப் பத்தாவது வாரத்து ஊசி. கணவருக்கு ஏலூரில் காலை ஷிப்ட். தனியாகப் போகப் பயந்து தங்கையைக் கூப்பிட்டேன். அவள் பிளம்பர். தோப்பும்படியில் ஒரு வேலையை முடித்துவிட்டு டூல் பையோடு நேராக மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஒட்ட வெட்டிய முடி, சட்டை, பேன்ட். பத்து வயதிலிருந்தே அப்படித்தான்.

வெளியே கிளம்பும் நாளில் அவள் தண்ணீர் குடிக்க மாட்டாள். இந்த வருடம் இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து காய்ச்சலில் கிடந்தாள். அன்றும் காலையிலிருந்து அடக்கிக்கொண்டிருந்தவள், பதினொன்றரைக்குக் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

பெண்கள் கழிப்பறை வாசலில் துப்புரவு பார்க்கும் மலையாளச் சேச்சி கையை நீட்டித் தடுத்தார்.

"சேட்டா, இது லேடீஸ். ஜென்ட்ஸ் மேலெ."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஓடிப்போய், "சேச்சி, இது என்டெ அனியத்தி, தங்கச்சி" என்றேன், உரக்க. காத்திருந்த அம்மாக்கள் எல்லோரும் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தார்கள். ஒருத்தி தன் மகளை மடியோடு இழுத்துக்கொண்டாள். சேச்சி நம்பவில்லை. தங்கை திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

டயப்பர் பையில் இதற்கென்றே வைத்திருக்கும் ஷாலை எடுத்தேன்.

"இதைப் போட்டுக்கிட்டுப் போயேன்."

"ஷால் போட்டாத்தான் மூத்திரம் வருமா?"

"ஆம்பளைங்க பக்கமாவது போ."

"போன தடவ கதவ ஒதச்சானுங்களே, மறந்துட்டியாக்கா?"

மறக்கவில்லை. ஆனாலும் சொன்னேன். சேச்சி மேல் எரிச்சலா, விட்டுக்கொடுக்காத இவள் மேலா, ஷாலைச் சுமந்து திரியும் என் மேலா, எனக்கே தெரியவில்லை.

கழிப்பறையிலிருந்து தண்ணீர் வழிந்து வெளியே வந்தது. காலையிலிருந்து பைப் லீக், சொல்லியும் ஆள் வரவில்லை என்று புலம்பியபடி சேச்சி துடைத்துத் தள்ளினார். தங்கை டூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

"வாஷர் போயிருக்கும். நோக்கட்டே?"

"பிளம்பராணோ? அது நேரத்தெ பறயண்டே, மோனே."

முதலிலேயே சொல்லியிருக்கலாமாம். தங்கை என்று சொன்னபோது விடாதவர், மகனே என்று கூப்பிட்டு உள்ளே விட்டார். உள்ளே இருந்த பெண்களை வெளியேற்றி, வாசலில் காவலும் நின்றார்.

கால் மணி நேரம் கழித்து அவள் வந்தபோது முகம் தெளிந்திருந்தது. சேச்சி சாயா வாங்கி வரட்டுமா என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். தங்கை என் காலை மிதித்தாள்.

திரும்பும்போது ஆட்டோவில் ஒரு பாட்டில் தண்ணீரை முழுதாகக் குடித்தாள்.

"நல்லா முறுக்கிட்டியா?"

"புது வாஷர். ரெண்டு வருஷத்துக்கு அசையாது."

"கொஞ்சம் ஒழுக விட்டிருக்கக் கூடாதா? அடுத்த மாசமும் ஊசி இருக்கே."

அவள் காலி பாட்டிலை மூடினாள். "தப்பா வேல செய்ய எனக்கு வராதுக்கா."

ஷால் இன்னும் டயப்பர் பையில்தான் இருக்கிறது. எடுத்துவிடலாம் என்று நாலு முறை திறந்து, நாலு முறையும் மூடிவிட்டேன்.