பின்னறைக்கு வந்த சூரியன்

கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்தபோது என் ஆராய்ச்சி பாதியில் இருந்தது. நான் படித்த பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையின் மொட்டை மாடியில் ஒரு பெரிய தொலைநோக்கி உண்டு. அந்தி சாய்ந்ததும் எம்.எஸ்ஸி. பிள்ளைகளுக்கு நிலாவின் பள்ளங்களையும் சனியின் வளையத்தையும் அதில் காட்டுவோம். அவர்கள் இறங்கிப் போனபின் அது எங்களுடையது. ஒளி கூடிக் குறையும் ஒரு நட்சத்திரத்தை நான் அதில் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். அது இருந்த கூண்டின் கூரையைத் திறக்க ஒரு இரும்புச் சக்கரத்தைச் சுற்றவேண்டும். அது போடும் கீச்சென்ற சத்தம் இன்னும் எனக்குப் பிடித்த சத்தம்.

கணவர் வீட்டில் பீங்கான் பட்டறை. பொம்மைகளும் மின்சாரப் பெட்டிகளில் மாட்டும் ஃபியூஸ் கேரியர்களும் செய்தார்கள். சூளை கணவர் பொறுப்பு. பொம்மைகளுக்குக் கண் எழுதும் பெண்களிடம் வேலை வாங்குவது மாமியார். நான் அவ்வப்போது வேப்பூரில் பஸ் மாறிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்வருவதை யாரும் தடுக்கவில்லை. வயிற்றில் பிள்ளை தங்கியதும் அந்தப் பயணம் நின்றது.

2004 ஜூனில் சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே கடக்கப்போகிறது என்று வெகுநாளாகக் காத்திருந்தேன். எங்கள் பேராசிரியர்கள்கூட அதைப் பார்த்தவர்கள் இல்லை. எனக்கு அப்போது ஆறாம் மாதம். அன்று ஒருநாள் மட்டும் போய்வருகிறேன் என்றதும் மாமியார் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"சூரியன மறைக்குதுன்னா கிரகணம்தானம்மா அது?"

"இல்லீங்க அத்தை. சுக்கிரன் குறுக்க போவுது. சின்னப் புள்ளியாதான் தெரியும்."

"புள்ளியோ பூசணிக்காயோ, மறைக்குதா இல்லியா?"

"மறைக்குதுதான்..."

"அப்ப புள்ளத்தாச்சி வெளிய வரக்கூடாது. கதவ சாத்திக்கிட்டு உள்ளதான் இருக்கணும்."

அதட்டலாக இருந்தால் வாதாடியிருப்பேன். அவர் குரல் இறங்கிப்போயிருந்தது. "ஒன் வூட்டுக்காரனுக்கு அடுத்து எனக்கு ஒண்ணு பொறந்துச்சு. ஒதடு பொளந்து. பால் குடிக்க முடியாம கொஞ்ச நாள்ல போயிடுச்சு. கிரகணத்தப்ப நான் களத்துல நின்னேன், அதான்னு சொன்னாங்க."

காரணம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இத்தனை வருஷம் அவர் சுமந்ததை அந்த நேரத்தில் அடித்துப் பேச வாய் வரவில்லை. "நான் போகல அத்தை" என்றேன். அன்றிரவு நன்றாக அழுதேன்.

என் கணவர்தான் மறுநாள் சாப்பிடும்போது கேட்டார். "உள்ள இருக்கணும்னுதான அம்மா சொல்றாங்க? சூரியன உள்ள கொண்டார முடியாதா?"

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். அப்புறம் சோற்றில் கைவைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முடியும். தொலைநோக்கியை ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி, வெளிச்சத்தைக் கண்ணாடியால் பக்கவாட்டில் திருப்பினால் இருட்டறைக்குள் சூரியனின் உருவம் விழும்.

என் பேராசிரியருக்கு போன் செய்தேன். அவர் சிரித்துவிட்டு, வகுப்புக்குப் பயன்படும் சின்னத் தொலைநோக்கியை இரண்டு மாணவிகளிடம் கொடுத்து அனுப்பினார். மரப்பெட்டியைக் குழந்தைபோல மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்கள்.

வைக்கோலில் பொம்மைகள் அடுக்கியிருந்த பின்னறையில் ஜன்னலில் ஒரு துளை மட்டும் விட்டு, மற்ற எல்லா இடுக்குகளையும் சாக்கால் அடைத்தோம். கதவை மாமியாரே சாத்தினார். ஒரு மாணவி வெளியே வெயிலில் நின்று தொலைநோக்கியை நகர்த்த, இன்னொருத்தி உள்ளே இருந்து "லெஃப்ட்டு, லெஃப்ட்டு" என்று கத்தினாள். கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சு போடாத பெரிய வெள்ளைத் தட்டு ஒன்றைக் கணவர் எதிரே சாய்த்து வைத்திருந்தார். திடீரென்று அதில் சூரியன் வந்து உட்கார்ந்தது. அதன் ஓரத்தில், மையால் தொட்டு வைத்தாற்போல, சுக்கிரன். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் மாமியார் உள்ளே வந்தார். தட்டின் முன்னே உட்கார்ந்தார்.

"இதான் சுக்கிரனா?"

"ஆமாங்க. அது நடுவுல வர்றதால அந்த எடம் மட்டும் கறுப்பா தெரியுது."

"கிரகணத்துல?"

"அதுல நிலா நடுவுல வருது. நம்ம மேல அதோட நெழல் வுழுது, அவ்ளோதான்."

"வெறும் நெழலா?"

"நெழல்தான் அத்தை."

அவர் கையை நீட்டித் தட்டின்மேல் வைத்தார். சூரியனும் அந்தப் புள்ளியும் அவர் புறங்கையில் ஏறின. "நெழலு கொழந்தைய என்னா பண்ணும்?" என்றார், என்னைப் பார்க்காமல்.

"ஒண்ணும் பண்ணாதுங்க. நீங்க ஒண்ணும் பண்ணல அத்தை."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். சற்று நேரத்தில் கண் எழுதும் பெண்களை ஒவ்வொருவராக உள்ளே அனுப்பத் தொடங்கினார். "வெரசா பாத்துட்டு வாங்கடி, அடுத்தவங்க நிக்கிறாங்க." சாயங்காலம் சுக்கிரன் விளிம்பைத் தாண்டி வெளியேறும்வரை பட்டறையில் வேலை நடக்கவில்லை.

அதன்பிறகும் கிரகணம் வந்தால் பிள்ளைத்தாய்ச்சிகளை உள்ளே இருக்கத்தான் சொன்னார். ஒரே நாளில் எல்லாம் மாறிவிடவில்லை. ஆனால் இறந்துபோன அந்தக் குழந்தையைப் பற்றி என்னிடம் சாதாரணமாகப் பேச ஆரம்பித்தார். அதற்குச் சுருட்டை முடியாம். பெயர்கூட வைத்திருந்தார்களாம்.

புரட்டாசியில் எனக்குப் பெண் பிறந்தாள். அவள் நடக்கத் தொடங்கியதும் நான் மறுபடி பஸ் ஏறினேன். ஆராய்ச்சியை முடிக்க மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் அத்தை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை வருவார். பஸ் நகரும்போது அவள் அழாமலிருக்க, வெள்ளரிப் பிஞ்சு விற்பவரை அவளுக்குக் காட்டிக்கொண்டு நிற்பார்.